கணினியில் கட்டிய நரம்புக் கற்றை

மூளையின் நரம்பிழைகளைச் சிவப்பும் பச்சையும் நீலமுமாகக் காட்டும் படங்களை எந்தக் கேமராவும் எடுப்பதில்லை. பட்டுநூல் சிக்கெடுத்துப் பரப்பியதுபோல் தோன்றும் அவை முழுக்க முழுக்கக் கணக்கால் வரையப்பட்டவை. விரவல் எம்.ஆர்.ஐ. என்ற பரிசோதனை, மூளைத் திசுவில் உள்ள தண்ணீர் மூலக்கூறுகள் எந்தத் திசையில் எவ்வளவு நகர்கின்றன என்பதை மட்டுமே அளக்கிறது. இழை எப்படி ஓடுகிறது என்பது அந்த அளவிலிருந்து செய்யப்படும் ஊகம். ஊகம் சரிதானா என்று உயிரோடிருப்பவரின் மூளையைத் திறந்து பார்க்க முடியாது. அதனால் ஆய்வாளர்கள் மறுபக்கத்திலிருந்து வருகிறார்கள். விட்டம், திசை, நெருக்கம் எல்லாம் முன்கூட்டியே தெரிந்த ஒரு நரம்புக் கற்றையைக் கணினிக்குள் கட்டி, அதில் தண்ணீரை நடமாட விட்டு, அங்கே ஸ்கேனர் இருந்திருந்தால் என்ன சிக்னல் வந்திருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். இப்படிப் போலச் செய்து பார்ப்பதற்குத்தான் சிமுலேஷன் என்று பெயர். விடை தெரிந்த கணக்கைக் கொடுத்து ஒரு முறையைச் சோதிக்க இதைவிட நேரான வழி இல்லை.

புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில், ஊரின் வட எல்லையான கோரிமேட்டில் இருக்கிறது ஜிப்மர். பிரெஞ்சு ஆட்சியில் 1823-ல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த நிறுவனம் அது. 1964-ல் இன்றைய பெயரைப் பெற்றது. ஒரு பக்கம் கைகால் விழுந்துவிட்டது, வாய் கோணிவிட்டது என்று விழுப்புரம், கடலூர் பக்கத்திலிருந்து அங்கே கொண்டுவரப்படும் நோயாளிகளுக்கும், வேறு பெரிய மருத்துவமனைகளில் பக்கவாதத்தோடு சேர்க்கப்படுவோருக்கும் விரவல் எம்.ஆர்.ஐ. பரிச்சயமான பரிசோதனைதான், பெயர் தெரியாவிட்டாலும். ரத்தம் போகாமல் தவிக்கும் மூளைப் பகுதி அந்தப் படத்தில் சில நிமிடங்களிலேயே வெள்ளையாகப் பளிச்சிடும், சி.டி. ஸ்கேனில் அது தெளிவாகத் தெரிய மணிக்கணக்கு ஆகலாம். பூனைகளில் இதை 1990-ல் மைக்கேல் மோஸ்லியும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். மூளையில் தண்ணீரின் நகர்வைப் படமாக்கும் முறையை அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1980-களின் நடுவில், உருவாக்கியவர் பிரான்ஸைச் சேர்ந்த டெனிஸ் லெ பிஹான்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை தண்ணீரின் ஓயாத அலைச்சல். அசையாமல் வைத்த குவளைத் தண்ணீரிலும் ஒவ்வொரு மூலக்கூறும் பக்கத்து மூலக்கூறுகளால் இடிபட்டு, திசை மாறி மாறி அலைகிறது. உடல் வெப்பநிலையில், தடையில்லாத நீரில், ஒரு மூலக்கூறு 50 மில்லி விநாடியில் ஒரு திசையில் சராசரியாக 17 மைக்ரான் விலகியிருக்கும். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ கால் பங்கு அது. இரண்டு மடங்கு தூரம் விலக இரண்டு மடங்கு நேரம் போதாது, நான்கு மடங்கு வேண்டும். முன்னே போன அடியைப் பின்னே வரும் அடி பாதி நேரம் அழித்துவிடுகிறது. 1905-ல் ஐன்ஸ்டீன் இந்தக் கணக்கைத் தந்தார். அதே ஆண்டு கார்ல் பியர்சன் இப்படிப்பட்ட நடைக்கு ஆங்கிலத்தில் நிலைத்துவிட்ட பெயரைச் சூட்டினார். தமிழில் தற்போக்கு நடை எனலாம். இந்தத் துறைக்கு இன்றும் பாடநூலாக விளங்கும் நீண்ட கட்டுரையை 1943-ல் எழுதியவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். அவர் நினைத்தது விண்மீன் கூட்டங்களை. நரம்பிழைக்குள் அலையும் நீருக்கும் அதே கணிதம் பொருந்துகிறது.

இந்த அலைச்சலை ஸ்கேனர் எப்படி உணர்கிறது? நீரின் ஹைட்ரஜன் கருவான புரோட்டான், காந்தப்புலத்தில் தலைசாய்த்துச் சுற்றும் பம்பரம் போன்றது. 3 டெஸ்லா ஸ்கேனரில் அது விநாடிக்கு ஏறத்தாழ 12.8 கோடி தடவை சுற்றும். எல்லாப் பம்பரங்களும் ஒரே தாளத்தில் சுற்றினால் சிக்னல் பலமாக இருக்கும். பஜனை மடத்தில் கூட்டம் முழுவதும் ஒரே தாளத்துக்குக் கைதட்டினால் தெருமுனைவரை கேட்கும், ஆளுக்கொரு நேரத்தில் தட்டினால் வெறும் சலசலப்புதான் மிஞ்சும், அதைப்போல. ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருக்கும் சரிவுக் காந்தப்புலத்தைக் கொஞ்ச நேரம் போட்டால், ஒவ்வொரு புரோட்டானும் தான் நிற்கும் இடத்துக்கு ஏற்பத் தாளம் பிசகும். சற்றுப் பொறுத்து, அந்தப் பிசகைச் சரியாக அவிழ்க்கும் இரண்டாவது துடிப்பு வரும். இடைப்பட்ட நேரத்தில் நகராத புரோட்டான் தாளத்துக்குத் திரும்பிவிடும், நகர்ந்தது திரும்பாது. எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவு பிசகு. எட்வர்ட் ஸ்டெஸ்கலும் ஜான் டேனரும் 1965-ல் வகுத்த இந்த இரட்டைத் துடிப்பு இன்றும் மருத்துவமனைகளில் பெரிதாக மாறாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

அளவைச் சொன்னால் விஷயம் கைக்கு வரும். மீட்டருக்கு 40 மில்லி டெஸ்லா சரிவு, 20 மில்லி விநாடித் துடிப்பு என்று வைத்துக்கொண்டால், சரிவின் திசையில் 10 மைக்ரான் நகர்ந்த புரோட்டான் ஏறத்தாழ 120 பாகை, அதாவது வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு, பின்தங்கியோ முந்தியோ இருக்கும். ஸ்கேனர் பார்க்கும் சின்னக் கட்டமான ஒரு வாக்சலோ பக்கத்துக்கு 2 மில்லிமீட்டர் அகலம். இரண்டு மில்லிமீட்டர் கட்டத்துக்குள் பத்து மைக்ரான் நகர்வு சிக்னலில் பதிகிறது. இந்த முறையின் பலம் முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது, அதன் சிக்கலும்.

வெண்பொருள் என்பது மூளையின் ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு இணைக்கும் ஆக்சான்கள் கட்டுக்கட்டாக ஓடும் இடம். கொழுப்புச் செறிந்த மையலின் உறைதான் அதற்கு வெண்மை தருகிறது. மூளையின் இரு அரைக்கோளங்களையும் பிணைக்கும் கார்பஸ் கலோசத்தில் மட்டும் ஏறத்தாழ 20 கோடி ஆக்சான்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை ஒன்றிரண்டு மைக்ரான் விட்டத்தைத் தாண்டாதவை. நீர் இழையின் நீளவாக்கில் தாராளமாகப் போகும்; குறுக்கே போனால் சுவரில் முட்டும். நாணல் அடர்ந்த ஏரியில் தண்டுகளுக்கு இடையே நீந்தும் மீனைப் போல, இழைகளுக்கு வெளியே உள்ள நீரும் சுற்றிச் சுற்றித்தான் குறுக்கே போக முடியும். வெண்பொருளில் இழைவழியே உள்ள விரவல் எண் ஒரு மில்லி விநாடிக்கு ஏறத்தாழ 1.7 சதுர மைக்ரான், குறுக்கே 0.3 அல்லது 0.4. இந்தத் திசை வேறுபாட்டை நீள்கோளமாக எழுதும் டென்சர் முறையை 1994-ல் பீட்டர் பாசர், ஜேம்ஸ் மேட்டியெல்லோ, லெ பிஹான் மூவரும் வெளியிட்டார்கள். வண்ண இழைப்படங்களின் காலம் அங்கே தொடங்குகிறது.

சிமுலேஷனின் எளிய வகை, ஒரே ஒரு சூத்திரத்தில் அடங்கும். துடிப்பின் பலத்தையும் கால இடைவெளியையும் சேர்த்து ஒரே எண்ணாக்கி அதைப் பி மதிப்பு என்பார்கள். மருத்துவமனையில் வழக்கமாக வைப்பது 1000. பி மதிப்பும் விரவல் எண்ணும் பெருக, சிக்னல் அடுக்குக்குறி வேகத்தில் தேய்கிறது. 1000 என்ற மதிப்பில் கணக்கிட்டால், இழைவழியே அளக்கும்போது சிக்னலில் மிஞ்சுவது 18 விழுக்காடு, குறுக்கே அளந்தால் 74 விழுக்காடு. மூளையைச் சூழ்ந்த தண்டுவடத் திரவத்தில் எந்தத் திசையிலும் 5 விழுக்காடுதான். இந்த மூன்று எண்களை வைத்தே, ஒரு வாக்சலில் திரவம் கொஞ்சம், இழை கொஞ்சம் என்று விகிதப்படி கூட்டி ஒரு கற்பனை வாக்சலைச் செய்துவிடலாம். காகிதத்தில் செய்யும் கணக்குத்தான். ஆனாலும் இது கற்றுக்கொடுக்கும் ஒரு பாடம் சாதாரணமானதல்ல.

கோரைப்பாயில் பாவும் ஊடும் குறுக்கிடுவதுபோல, ஒரே வாக்சலில் இரண்டு கற்றைகள் செங்கோணத்தில் கடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பாவின் திசையில் அளந்தால், பாவு இழை தரும் 18-ம் ஊடு இழை தரும் 74-ம் சமமாகக் கலந்து 46 விழுக்காடு சிக்னல் கிடைக்கும். ஊடின் திசையிலும் அதே 46. இரண்டுக்கும் சரிநடுவே, 45 பாகையில் அளந்தால்? அங்கே இரண்டு கற்றைகளுக்கும் விரவல் எண் 1.0, சிக்னல் 37 விழுக்காடு. சிக்னல் எங்கே மிகக் குறைவோ அங்கேதான் நீர் அதிகம் நகர்கிறது என்பது விதி. அந்த விதியை நம்பிப் படம் வரைந்தால், இழையே இல்லாத மூலைவாட்டத் திசையில் இழை ஓடுவதாகத் தெரியும்! இது இரைச்சலால் வரும் தவறல்ல. இரைச்சலே இல்லாத, முழுக்கத் தூய கணக்கிலும் இப்படித்தான் வரும். டென்சர் முறை இந்த வாக்சலைச் சந்தித்தால், ஒற்றைக் கற்றைக்கு வெள்ளரிப்பிஞ்சு போல நீண்டிருந்த அதன் வடிவம் வடை போலத் தட்டையாகிவிடும். இந்த வாக்சலில் ஒழுங்கு குறைந்திருக்கிறது, நோயாக இருக்கலாம் என்று அந்தத் தட்டை வடிவம் தவறாகச் சொல்லவும் கூடும். உண்மையில் அங்கே இரண்டு ஆரோக்கியமான கற்றைகள் கடக்கின்றன, அவ்வளவே. இது அபூர்வமான நிலை என்றால் விட்டுவிடலாம். வெண்பொருள் வாக்சல்களில் 60 முதல் 90 விழுக்காட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட இழைத்திசைகள் இருப்பதாக 2013-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

அதே காகிதக் கணக்கு மருந்தையும் காட்டுகிறது. பி மதிப்பை 3000 ஆக்கினால், கற்றைகளின் திசையில் சிக்னல் ஏறத்தாழ 21 விழுக்காடு, நடுத்திசையில் 5. முன்பு 46-க்கும் 37-க்கும் இடையே வேறுபாடு மங்கலாக இருந்தது, இப்போது ஒன்று மற்றதைப்போல் நான்கு மடங்கு. இரைச்சல் 5 விழுக்காடு அளவில் இருக்கும் ஸ்கேனரில் முந்தைய வேறுபாடு எளிதில் மூழ்கிவிடும், பிந்தையது நிற்கும். ஆனால் பி மதிப்பு உயர்ந்தால் காத்திருக்கும் நேரமும் கூடும், அடிப்படைச் சிக்னலும் குறையும். எத்தனை திசைகளில், எந்தப் பி மதிப்பில், எவ்வளவு நேரம் அளந்தால் கடக்கும் இழைகள் பிரிந்து தெரியும் என்பதை நோயாளியை அரைமணி நேரம் குழாய்க்குள் படுக்க வைப்பதற்கு முன்பே இப்படித் தீர்மானிக்க முடிகிறது. ஒற்றைக் கற்றையின் சிக்னல் எப்படி இருக்கும் என்று தெரிந்தால் கலவைச் சிக்னலிலிருந்து திசைகளைப் பிரித்தெடுக்கலாம் என்ற முறையை 2004-ல் டொனால்ட் டூர்னியே குழுவினர் முன்வைத்தார்கள். இன்று இழைப்படம் வரைவோர் பெரிதும் நம்பும் முறைகளில் ஒன்று அது.

சூத்திரம் எட்டாத இடத்தில் மான்டே கார்லோ முறை வருகிறது. சுவர்கள் கோணல்மாணலாக இருந்தால், இழைகள் நெருங்கியும் விலகியும் கிடந்தால், ஒரு சமன்பாட்டில் விடை எழுத முடியாது. அப்போது மூலக்கூறுகளையே கணினிக்குள் ஒவ்வொன்றாக நடக்கவிடுவதுதான் வழி. முதலில் திசுவைக் கட்ட வேண்டும்: ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் விதவிதமான விட்டங்களில் உருளைகள். பிறகு நீர்ப் புள்ளிகளை இறைக்க வேண்டும், உருளைக்குள்ளும் வெளியிலும். ஒவ்வொரு கணமும் ஒவ்வொரு புள்ளியும் ஏதோ ஒரு திசையில் ஓரடி வைக்கும். காலத்துண்டு 0.01 மில்லி விநாடி, விரவல் எண் 2 என்றால் அடியின் நீளம் 0.35 மைக்ரான். சுவரில் முட்டினால், கேரம் பலகையின் சட்டத்தில் பட்ட காய் திரும்புவதுபோல, அதே கோணத்தில் திரும்பும். அடிதோறும் அந்த இடத்துக் காந்தச் சரிவுக்கு ஏற்பத் தாளப் பிசகு அதன் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். நடை முடிந்ததும் ஒவ்வொரு புள்ளியின் பிசகுக் கோணத்துக்கும் கொசைன் கண்டு, அவற்றைச் சராசரி எடுத்தால் அதுதான் சிக்னல்.

ஒரு லட்சம் புள்ளிகள், 60 மில்லி விநாடி நடை என்று வைத்தாலே 60 கோடி அடிகள் ஆகின்றன. ஒவ்வோர் அடியிலும் பக்கத்தில் சுவர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கணினியின் நேரத்தில் பெரும்பகுதி இந்தத் தேடலில்தான் போகிறது. புள்ளிகளைக் குறைத்தால் வேலை சீக்கிரம் முடியும், விடை ஆடும். புள்ளிகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் பிழை குறைகிறது: பத்தாயிரம் புள்ளிகளில் நூற்றில் ஒரு பங்கு, ஒரு லட்சத்தில் ஆயிரத்தில் மூன்று, பத்து லட்சத்தில் ஆயிரத்தில் ஒன்று. அடியின் நீளத்திலும் கவனம் வேண்டும். அடி இழையின் விட்டத்துக்கு நெருங்கினால் புள்ளி சுவரின் வடிவத்தை உணராமலே குதித்துக்கொண்டிருக்கும். விடை பார்க்க நன்றாக இருக்கும், தவறாக இருக்கும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் உருவான கேமினோ என்ற இலவச மென்பொருளில் இந்த நடைக்கான கருவி இருக்கிறது. அதே கல்லூரியின் மாட் ஹாலும் டேனியல் அலெக்சாண்டரும் எத்தனை புள்ளிகள், எத்தனை அடிகள் போதும் என்பதை 2009-ல் முறையாக ஆராய்ந்தார்கள்.

மான்டே கார்லோவுக்கு மாற்றும் உண்டு. நீர் மூலக்கூறுகளைத் தனித்தனியே பின்தொடராமல், காந்தமேற்றம் இடத்துக்கு இடம் எப்படி மாறுகிறது என்பதைச் சொல்லும் பிளாக்–டாரி சமன்பாட்டை நேராகத் தீர்ப்பது அது. ஹென்றி டாரி இதை எழுதியது 1956-ல். திசுவைச் சின்னச் சின்ன நான்முகித் துண்டுகளாக வெட்டி இந்தச் சமன்பாட்டைத் தீர்க்கும் ஸ்பின்டாக்டர் என்ற கருவியை ஜிங்-ரெபெக்கா லி குழுவினர் பிரான்ஸில் உருவாக்கினார்கள். தற்செயல் இங்கே இல்லாததால் ஆட்டமும் இல்லை. வடிவம் சிக்கலாக ஆக ஆகத் துண்டு போடுவதே பெரும்பாடாகிவிடும்.

நடையைவிடக் கடினமான வேலை, நடப்பதற்கான இடத்தை நியாயமாகக் கட்டுவது. மூளையில் செல்களுக்கு வெளியே உள்ள இடம் மொத்தக் கன அளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான், அவ்வளவு நெருக்கம். சம அளவு வட்டங்களைக் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனால், பரப்பில் 55 விழுக்காடு நிரம்பியதும் இனி இடமில்லை என்று நின்றுவிடும். தேன்கூடு போல் ஒழுங்காக அடுக்கினால் 90.7 விழுக்காடு வரை போகலாம். ஆனால் மூளை தேன்கூடு அல்ல. வெவ்வேறு விட்டங்களை எடுத்து, பெரியதை முதலில் வைத்து, பிறகு மெல்ல நெருக்கித் தள்ளும் வழிகளெல்லாம் இதற்காகவே பிறந்தவை. மையலின் உறைக்குள் சிக்கிய நீரைப் பெரும்பாலும் கணக்கில் சேர்ப்பதில்லை. அதன் சிக்னல் பத்துப் பதினைந்து மில்லி விநாடியில் மங்கிவிடுகிறது, விரவல் எம்.ஆர்.ஐ. கேட்கும் நேரத்துக்கு அது ஓய்ந்திருக்கும்.

சிமுலேஷன் ஓர் ஆசையைக் கட்டுக்குள் வைத்த கதை சொல்லத் தக்கது. ஆக்சான் தடித்திருந்தால் செய்தி வேகமாகப் போகும். ஆகவே உயிருள்ள மூளையில் ஆக்சான் விட்டத்தை அளக்க முடிந்தால் அது பெரிய பேறு. யானிவ் அசாஃப் குழுவினர் 2008-லும், அலெக்சாண்டர் குழுவினர் 2010-லும் அதற்கான முறைகளைத் தந்தார்கள். ஆனால் கிடைத்த விட்டங்கள் நுண்ணோக்கியில் தெரிந்ததைவிடப் பெரியவையாக இருந்தன. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. மெல்லிய உருளைக்குள் அடைபட்ட நீரின் குறுக்குவாட்டுச் சிக்னல் இழப்பு, ஆரத்தின் நான்காம் படிக்கு ஏற்ப மாறும். முன்பு சொன்ன அதே 40 மில்லி டெஸ்லா சரிவில், 1 மைக்ரான் விட்டமுள்ள ஆக்சான் ஏற்படுத்தும் இழப்பு ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்கு. இரைச்சலோ இருபதில் ஒரு பங்கு. 5 மைக்ரான் ஆக்சானிலும் இழப்பு நூற்றில் ஒரு பங்கைத் தொடாது. அப்படியானால் ஸ்கேனருக்கு அரை மைக்ரானும் ஒரு மைக்ரானும் ஒன்றுதான். இரண்டும் தடிமனே இல்லாத குச்சிகள். விட்டத்தைச் சொல்லும் எண்ணை அச்சிட்டுக் கொடுக்கும் எந்த மென்பொருளையும் இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். மீட்டருக்கு 300 மில்லி டெஸ்லா சரிவு தரும் தனி ஸ்கேனர்கள் கட்டப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

முழு மூளை அளவில் நடந்த சோதனை இன்னும் பெரிய அதிர்ச்சி தந்தது. ஜெர்மனியின் ஹைடெல்பெர்க்கில் உருவான ஃபைபர்ஃபாக்ஸ் என்ற மென்பொருள், இழைகளின் பாதையைக் கொடுத்தால் ஸ்கேனர் தரும் படம் போன்றே தயாரிக்கும். இரைச்சல், தலை அசைவு, காந்தப்புலக் கோளாறால் வரும் உருத்திரிபு எல்லாவற்றையும் சேர்த்தே தரும். அதைக் கொண்டு 25 பெரிய கற்றைகள் மட்டுமே உள்ள ஒரு மூளையைச் செய்து, உலகெங்கும் உள்ள 20 ஆய்வுக் குழுக்களிடம் கொடுத்தார்கள். உள்ளே எத்தனை கற்றைகள் என்று சொல்லவில்லை. 96 விடைகள் வந்தன. முடிவு 2017-ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வெளியானது. பெரும்பாலான முறைகள் உண்மையான கற்றைகளில் 90 விழுக்காட்டை ஓரளவாவது கண்டுபிடித்திருந்தன. ஆனால் அதே விடைகளில், இல்லாத கற்றைகள் உள்ள கற்றைகளைவிட மிக அதிகமாக இருந்தன. அந்தப் பொய்க் கற்றைகளில் பாதி, குழுவுக்குக் குழு தவறாமல் திரும்பத் திரும்ப வந்தன. எல்லோரும் ஒரே இடத்தில் தவறினால் அது ஆளின் பிழை அல்ல, சிக்னலிலேயே இருக்கும் குழப்பம். இரண்டு கற்றைகள் கடந்து போகின்றனவா, அல்லது உரசிக்கொண்டு வளைந்து பிரிகின்றனவா என்பது ஒரு வாக்சலுக்குள் ஒரே மாதிரித்தான் தெரியும். கட்டியை அகற்றும் அறுவையில் எந்தப் பக்கம் கத்தி போகலாம் என்று இழைப்படத்தைப் பார்த்து யோசிக்கும் மருத்துவருக்கு இந்த ஆய்வு எவ்வளவு முக்கியம் என்று விளக்க வேண்டியதில்லை.

கணினிக்கு வெளியிலும் போலி மூளைகள் செய்யப்பட்டிருக்கின்றன. பாரிஸ் அருகே நியூரோஸ்பின் ஆய்வு மையத்தில் அக்ரிலிக் இழைகளைக் கொண்டு செய்த ஃபைபர் கப் என்ற வட்டு, 2009-ல் இழை வரையும் முறைகளுக்கான போட்டிக்குப் பயன்பட்டது. அதை உண்மையான ஸ்கேனரில் வைத்து அளக்கலாம் என்பது அதன் சிறப்பு. நூலிழைக்குள் நீர் புகாது, வெளியில் மட்டும்தான் இருக்கும் என்பது குறை.

கடந்த சில ஆண்டுகளில் உருளை என்ற அடிப்படை அனுமானமே தளர்ந்திருக்கிறது. வெர்வெட் குரங்கின் கார்பஸ் கலோசத்தைச் சின்க்ரோட்ரான் எக்ஸ் கதிர்களால் முப்பரிமாணத்தில் எடுத்த 2020-ஆம் ஆண்டு ஆய்வில், ஒரே ஆக்சான் தன் வழியில் தடித்தும் மெலிந்தும் வளைந்தும் போவது தெரிந்தது; பக்கத்தில் ரத்தக் குழாயோ செல்லோ இருந்தால் ஒதுங்கியும் போகிறது. இப்போது அப்படிப்பட்ட உண்மை வடிவங்களுக்குள்ளேயே புள்ளிகளை நடக்கவிடுகிறார்கள். வடிவத்துக்கு உண்மைச் சான்று வேண்டும் என்ற தேவை இங்கே சென்னையைத் தொடுகிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், 14 முதல் 24 வாரக் கருக்களின் மூளைகளை மெல்லிய சீவல்களாக வெட்டி, செல் அளவில் படமெடுத்து, 5,132 சீவல்களைக் கொண்ட தரணி என்ற முப்பரிமாணத் தொகுப்பை 2024 டிசம்பரில் உலகுக்கு இலவசமாகத் திறந்தது. எம்.ஆர்.ஐ.யின் 2 மில்லிமீட்டர் கட்டத்துக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்பதை இப்படிப்பட்ட தொகுப்புகள்தான் காட்ட முடியும். அந்த நிறுவனத்தின் மூளை ஆய்வில் பங்கேற்ற பார்த்தா மித்ரா, விரவல் ஆய்விலும் பழைய பெயர். நுண்துளைகளில் அடைபட்ட நீர் தொடக்கக் கணங்களில் எப்படி விரவுகிறது என்பதிலிருந்து துளைச் சுவரின் பரப்பைக் கணிக்கலாம் என்று 1992-ல் பபித்ர சென் முதலியோரோடு சேர்ந்து காட்டியவர் அவர். அன்று மனத்தில் இருந்தவை எண்ணெய்ப் பாறை போன்ற நுண்துளைப் பொருள்கள்; சுவர் எதுவானாலும் நீர் முட்டித் திரும்பும் கணக்கு ஒன்றுதான்.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் சிமுலேஷனுக்கு இன்னொரு வேலை சேர்ந்திருக்கிறது. லட்சக்கணக்கான கற்பனை வாக்சல்களைச் செய்து, ஒவ்வொன்றின் சிக்னலையும் விடையையும் காட்டி நரம்பு வலைப்பின்னலைப் பழக்குகிறார்கள். பழகிய வலைப்பின்னல் உண்மையான ஸ்கேனுக்கு நொடியில் விடை சொல்லும். கற்பனை வாக்சலில் இடம்பெறாத ஒன்று நோயாளியின் மூளையில் இருந்தால், வீக்கம், சீழ், கட்டி எதுவானாலும், அதற்கும் அது தயங்காமல் ஒரு விடை சொல்லிவிடும் என்பதுதான் கவலை.

பக்கவாதப் படத்தில் பளிச்சிடும் அந்த வெள்ளைப் பகுதிக்கும் நீண்டகாலம் காரணம் புரியாமல் இருந்தது. ரத்தம் நின்றதும் விரவல் எண் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை விழுகிறது. 0.7 இருந்த இடத்தில் 0.4 ஆனால், 50 விழுக்காடாக இருக்க வேண்டிய சிக்னல் 67 ஆகும், படத்தில் வெளுக்கும். ஏன் விழுகிறது? செல் வீங்கி வெளியிடம் குறுகுவதாலா, உள்ளே இருக்கும் நீர் தடித்துப்போவதாலா என்று பல விளக்கங்கள் இருந்தன. மேத்யூ பட்டும் ஜோசப் ஃபிராங்கும் 2010-ல் வேறொன்றைச் சோதித்தார்கள். அடிபட்ட நரம்பிழை சீராக வீங்குவதில்லை. மணிமாலை போல இடையிடையே உப்பியும் நடுவில் இறுகியும் போகிறது. அப்படிப்பட்ட இழையைக் கணினியில் கட்டி நீரை நடக்கவிட்டபோது, உப்பிய மணிகளுக்குள் நீர் தங்கி, இறுகிய கழுத்துகளைக் கடக்கத் திணறி, நீளவாக்கு விரவல் விழுந்தது. வேறு எந்த மாற்றமும் சேர்க்கத் தேவைப்படவில்லை, இழையின் வடிவம் மாறியது ஒன்றே போதுமானதாக இருந்தது. எலியின் நரம்பை இழுத்து மணிமாலையாக்கி ஸ்கேனரில் வைத்து அளந்தபோதும் அவ்வாறே விழுந்தது.